ஒரு நொடி தாமதத்துக்கு 12 மதிப்பெண்: அக்னிவீர் பிசிக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் ஊர் கிரவுண்டில் இராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்புத் தேர்வுக்கு ஓடும் பையன்களுக்கு நான்தான் ஸ்டாப்வாட்ச் பிடிக்கிறேன். அவர்கள் உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மழை பெய்தாலும் வருகிறார்கள். ஆனால் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே ஆறு மாதம் ஓடி, கையில் கிடைக்க வேண்டிய மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருகிறார்கள். அதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

சாதாரண சிப்பாய் பணியான ஜெனரல் டூட்டி பிரிவுக்கு உடற்தகுதித் தேர்வு (பிசிக்கல்) மொத்தம் 100 மதிப்பெண். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 60, பீமுக்கு, அதாவது கம்பியைப் பிடித்து ஏறும் புல்-அப்புக்கு, 40. ஓட்டத்தை 5 நிமிடம் 30 நொடிக்குள் முடித்தால் 60. 5:31 முதல் 5:45 வரை 48. முன்பெல்லாம் அதோடு கதவு மூடிவிடும். 2025 அறிவிப்பில் இன்னும் இரண்டு குரூப் சேர்த்தார்கள்: 6:00 வரை 36, 6:15 வரை 24. பழைய அட்டவணை இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, 5:50-இல் ஓடும் பையன் நமக்கு வாய்ப்பே இல்லை என்று நின்றுவிடுகிறான். யார் அனுப்பினாலும் சரி, நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைத் திறந்து நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்த மதிப்பெண் படிக்கட்டு மாதிரி. 5:30-க்கும் 5:31-க்கும் நடுவே இருப்பது ஒரே நொடி, அதற்கு 12 மதிப்பெண் போகிறது. அதே சமயம் 5:05-இல் வந்தாலும் 60தான், 5:29-இல் வந்தாலும் 60தான். முதல் ஆளாக வர வேண்டும் என்று உயிரைக் கொடுத்து ஓடுவதற்குத் தனியாக மதிப்பெண் எதுவும் இல்லை. உங்கள் நேரம் எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 5:33 ஓடுகிறவனுக்கு அந்த மூன்று நொடிதான் உலகம்.

அந்த மூன்று நொடி எங்கே போகிறது? என் நோட்டிலிருந்து ஒரு கணக்கைச் சொல்கிறேன். 400 மீட்டர் டிராக்கில் நான்கு சுற்று. ஒரு பையன் முதல் சுற்றை 72 நொடியில் முடித்தான். இரண்டாவது 84, மூன்றாவது 95, கடைசி 88. கூட்டினால் 5:39. மூன்றாவது சுற்றில் அவன் தோள் காதுவரை ஏறிவிட்டது, கை மார்புக்குக் குறுக்கே ஆடியது. 5:30-க்கு ஒரு சுற்றுக்கு 82.5 நொடி போதும். முதல் சுற்றில் பத்து நொடி மிச்சம் பிடித்ததாக நினைத்தான், மூன்றாவது சுற்றில் அதை வட்டியோடு கட்டினான். முதல் சுற்றை 81, 82-இல் பிடி என்று சொல்லிச் சொல்லி ஓடவைத்தோம். மூன்று வாரத்தில் 5:28 வந்தான்.

இன்னொன்று, வளைவில் வெளியே தள்ளி ஓடுவது. ரேலியில், அதாவது ஆள்சேர்ப்பு முகாமில், கூட்டமாக விடுவார்கள், முந்துவதற்காக எல்லாரும் வெளிப்பக்கம் போவார்கள். உள்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினாலே ஒரு சுற்றுக்கு 6 மீட்டருக்கு மேல் கூடுகிறது. நான்கு சுற்றுக்கு 25 மீட்டர், அந்த வேகத்தில் ஐந்து நொடி. வளைவில் பொறுத்துக்கொள்ளுங்கள், நேர்ப்பாதை வந்ததும் முந்துங்கள்.

போலீஸ் தேர்வுக்கும் சேர்த்துத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண் காவலர் தேர்வில் 1500 மீட்டருக்கு 7 நிமிடம். அந்த வேகத்திலேயே கால் பழகிவிட்டால், இங்கே 6:15 குரூப்பைக்கூடத் தொட முடியாது.

சரி, பீமுக்கு வருவோம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 6 எடுத்தால் 16 மதிப்பெண், 7-க்கு 21, 8-க்கு 27, 9-க்கு 33, 10-க்கு 40. ஆறுக்குக் கீழே போனால் வெளியே. மேலே போகப் போக ஒவ்வொரு புல்-அப்புக்கும் மதிப்பெண் கூடுவதைக் கவனியுங்கள்: 5, 6, 6, கடைசியில் 7. ஆறிலிருந்து பத்துக்குப் போனால் 24 மதிப்பெண். ஓட்டத்தில் இரண்டு குரூப் ஏறினால் கிடைப்பதும் அதே 24தான். 5:40 ஓடி 10 எடுப்பவனுக்கு 88. 5:25 ஓடி 6 எடுப்பவனுக்கு 76. வேகமாக ஓடியவன் 12 மதிப்பெண் பின்னால் நிற்கிறான். சுற்றுகளைச் சரியாகப் பிரித்து ஓடப் பழகிய பிறகு, ஓட்டத்தில் இன்னும் பத்து நொடி குறைக்கப் பல மாதம் ஆகலாம். பீமில் தினமும் தொங்கினால் அதற்குள் இரண்டு, மூன்று கூடிவிடும். இருந்தும் எல்லாரும் ஓட்டத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணும் விதத்திலும் தவறு நடக்கிறது. நண்பன் எண்ணினால் பத்து வரும். முழங்கை முழுசாக நீண்டு, தாடை கம்பிக்கு மேலே போய், காலை உதறாமல் ஏறினால்தான் ஒன்று என்று நான் எண்ணும்போது அதே பையனுக்கு ஏழு. 40 என்று நினைத்திருந்தவன் கையில் 21. ரேலியில் நண்பன் எண்ண மாட்டான். அப்புறம், அங்கே ஓட்டம் முடிந்த பிறகுதான் பீம். காலையில் புதுத் தெம்போடு கம்பியைப் பிடித்து எண்ணுவதை நம்ப வேண்டாம். 1.6 ஓடி முடித்து, கொஞ்சம் மூச்சு வாங்கி, அப்புறம் எத்தனை வருகிறதோ அதுதான் உங்கள் எண்ணிக்கை.

9 அடி பள்ளம் தாண்டுவதையும், வளைந்து வளைந்து போகும் குறுகிய கட்டையில் விழாமல் நடக்கும் ஜிக்ஜாக் பேலன்ஸையும் மதிப்பெண் இல்லை என்பதால் யாரும் பழகுவதில்லை. மதிப்பெண் இல்லாவிட்டாலும் தேறியே ஆக வேண்டும். பள்ளத்தில் கால் விழுந்தால் ஓட்டத்தில் வாங்கிய 60 எதற்கும் உதவாது. வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும்.

பெண்கள் இராணுவ போலீஸுக்கு வரும் தங்கைகள் ஆண்களின் அட்டவணையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அவர்களுக்கு 1.6 கிலோமீட்டருக்கு 7:30, இரண்டாம் குரூப்புக்கு 8:00. நீளம் தாண்டுதல் 10 அடி, உயரம் தாண்டுதல் 3 அடி. இவற்றில் தேறினால் போதும்.

கடைசியாக, பிசிக்கலில் நூறு எடுத்தால் வேலை உறுதி என்ற நினைப்பு. 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வுதான் முதலில். அதில் தேறியவர்களைத்தான் ரேலிக்கே கூப்பிடுகிறார்கள், இறுதிப் பட்டியலிலும் அந்த மதிப்பெண் சேர்கிறது. ஜெனரல் டூட்டிக்கு 50 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். 2025 முதல் அதைத் தமிழிலேயே எழுதலாம். எங்கள் கிரவுண்டில் இப்போது ஆறரைக்கு ஓட்டம் முடிந்ததும், வியர்வை காயும்வரை வேப்பமரத்தடியில் பத்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.