பிரிட்டனில் குடும்ப மருத்துவப் பயிற்சி: ஆறு மாத மதிப்பாய்வுக்கு ஆயத்தமாவது எப்படி?

பிரிட்டனில் குடும்ப மருத்துவராக, அதாவது ஜி.பி.யாகத் தகுதி பெற விரும்புபவர் முழுநேரமாகப் படித்தால் பொதுவாக மூன்று ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். அந்த ஆண்டுகளில் இரண்டு பெரிய தேர்வுகளை எழுதுவதோடு, அன்றாடப் பணியின் அடிப்படையிலும் அவர் தொடர்ந்து மதிப்பிடப்படுகிறார். ஆறு மாதத்திற்கு ஒருமுறை அவருடைய கல்வி மேற்பார்வையாளர், அவர் தம் பணியையும் கற்றலையும் பதிந்துவைக்கும் மின்பதிவேட்டைப் படித்து, அவருடன் அமர்ந்து பேசி, அறிக்கை எழுதுவார். பயிற்சியில் முன்னேற்றத்தை மதிப்பாய்வதற்காக ஆண்டுக்கு ஒருமுறையாவது கூடும் ஏ.ஆர்.சி.பி. குழு அந்த அறிக்கையைக் கொண்டே அவர் அடுத்த நிலைக்குச் செல்லலாமா என்று முடிவு செய்கிறது. அந்தக் குழு பெரும்பாலும் பயிற்சி மருத்துவரை நேரில் பார்ப்பதில்லை. பதிவேட்டில் எழுதப்படாத நல்ல பணி எதுவும் அதன் கண்ணில் படாது.

ஆகவே ஆயத்தப் பணி மதிப்பாய்வுக்கு முந்தைய வாரத்தில் அல்ல, பயிற்சியின் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும். முழுநேரப் பயிற்சியில் ஆண்டுக்கு 36 நோயாளிக் குறிப்புகள், அதாவது தாம் பார்த்த நோயாளியைப் பற்றிச் சிந்தித்து எழுதும் பதிவுகள், எதிர்பார்க்கப்படுகின்றன. மாதத்திற்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் அது சுமையாகத் தெரியாது. கடைசி இரண்டு வாரங்களில் மொத்தமாக எழுதப்பட்டவை, அனுபவமுள்ள மேற்பார்வையாளருக்குத் தேதிகளைப் பார்த்த உடனேயே தெரிந்துவிடும். உயர் இரத்த அழுத்தத்திற்கான சிகிச்சை முறையைப் பாடநூல் போல விவரிக்கும் குறிப்பால் பயனில்லை. மார்பில் அசௌகரியம் என்று மாலையில் வந்தவரை ஏன் உடனே மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள், அல்லது ஏன் அனுப்பவில்லை, எந்தச் செய்தி கிடைத்திருந்தால் முடிவு மாறியிருக்கும், எந்த அறிகுறி தோன்றினால் உடனே உதவி நாட வேண்டும் என்று அவரிடம் சொன்னீர்கள், அடுத்த முறை எதை வேறுவிதமாகச் செய்வீர்கள் என்பவற்றை எழுதும்போதுதான் உங்கள் சிந்தனை வெளிப்படுகிறது.

மனம் திறந்து எழுதினால் பிற்காலத்தில் அதுவே தமக்கு எதிராகத் திரும்புமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு, அது புரிந்துகொள்ளத்தக்கதே. ஒரு மருத்துவர் மீதான புகாரை விசாரிக்கும்போது அவருடைய சுயசிந்தனைக் குறிப்புகளைத் தாம் கேட்பதில்லை என்று பொது மருத்துவப் பேரவையான ஜி.எம்.சி. தெளிவுபடுத்தியுள்ளது. நீதிமன்றம் கேட்க முடியும் என்பதும் உண்மையே. ஆதலால் நோயாளியை அடையாளம் காட்டும் எந்த விவரமும் இல்லாமல், நடந்ததைச் சுருக்கியும் கற்றதை விரித்தும் எழுதுவதே சரியான வழி.

மேற்பார்வையாளர் உங்கள் ஆலோசனையை நேரில் கவனிக்கும் அமர்வுகளுக்கும், நோயாளி குறித்த கலந்துரையாடல்களுக்கும் எளிதான நோயாளிகளையே தேர்ந்தெடுக்காதீர்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் மருத்துவம் பயின்று அங்கு செல்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து. மூத்தவர் முன் தயங்காமல் விடை சொல்வதே திறமை என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, “இந்த இடத்தில் எனக்குத் தெளிவில்லை” என்று சொல்வது தோல்வி போலத் தோன்றும். ஆனால் தன் எல்லையை அறிந்து உதவி கேட்பது அங்கே மதிப்பிடப்படும் திறன்களில் ஒன்று.

அத்தகைய திறன்கள் மொத்தம் 13. ஒவ்வொன்றிலும் நீங்களே முதலில் உங்களை மதிப்பிட்டு, மூன்று சான்றுகள் வரை இணைக்க வேண்டும். நோயறிதலுக்கும் உரையாடலுக்கும் சான்றுகள் குவிந்திருக்க, சமூக நலம், நிர்வாகம், நன்னெறி ஆகியவை வெறுமையாகக் கிடப்பதே வழக்கம். மூன்றாம் மாதத்தில் ஒருமுறை இந்தப் பட்டியலைப் பார்த்தால், இடைவெளியை நிரப்பும் வேலையைத் தேடிச் செய்ய நேரம் இருக்கும்.

மேற்பார்வையாளருக்கும் கடமை உண்டு. அவர் சந்திப்புக்கு முன்பே பதிவேட்டைப் படித்திருக்க வேண்டும். இடையூறில்லாத நேரத்தையும் ஒதுக்க வேண்டும். “நன்றாகச் செய்கிறார்” என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. வரவேற்பாளர், செவிலியர் உள்ளிட்ட சக பணியாளர்களின் கருத்துகளில் கசப்பானது இருந்தால், அதை மறைக்காமல் எடுத்துக்காட்டோடு பேசுவதே பயிற்சி மருத்துவருக்குச் செய்யும் நன்மை.

இதய இயக்க மீட்புப் பயிற்சி, குழந்தைகளையும் பெரியவர்களையும் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் பயிற்சி ஆகியவற்றின் சான்றிதழ்கள் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் 14 நாள்களுக்கு மேல் பணிக்கு வராதிருந்தால், பயிற்சி முடியும் தேதி மறுபரிசீலனைக்கு வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

குழுவின் முடிவு எண்ணால் குறிக்கப்படும். முன்னேற்றம் திருப்தியானால் 1, பயிற்சி நிறைவானால் 6. சான்றுகள் முழுமையாக இல்லையெனில் 5 கிடைக்கும். விடுபட்ட ஆவணத்தைக் குறித்த காலத்திற்குள் சேர்த்தால் அது மாறக்கூடும். 2 என்பது குறிப்பிட்ட திறனில் கவனம் தேவை என்பதையும், 3 என்பது கூடுதல் பயிற்சிக் காலத்தையும், 4 என்பது பயிற்சியிலிருந்து விலக்கப்படுவதையும் குறிக்கும். இந்த மூன்றில் ஒன்று வந்து, அது நியாயமற்றது என்று நீங்கள் கருதினால், அறிவிப்பு கிடைத்த 10 வேலை நாள்களுக்குள் மறுஆய்வோ மேல்முறையீடோ கோரி எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள்.