பேச்சிலரெட் பார்ட்டிக்கு ஒரு புதையல் வேட்டை: பாண்டிச்சேரியில் நடத்துவது எப்படி?

கல்யாணத்துக்கு முன்னால் தோழிகள் சேர்ந்து ஒரு வார இறுதியில் பாண்டிச்சேரி போவது சென்னையில் இப்போது சகஜமாகிவிட்டது. ரூம் போடுகிறோம், நன்றாகச் சாப்பிடுகிறோம், ராத்திரி முழுக்கப் பேசுகிறோம், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் ஒன்று கட்டாயம் வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் போன வருஷம் என் தோழிக்கு ஒரு புதையல் வேட்டை நடத்தினேன். அதுவரை நான் எந்த விளையாட்டும் நடத்தியதில்லை. நீங்களும் முதல் முறை என்றால் இதை அப்படியே பின்பற்றலாம்.

முதலில் ஒரு விஷயம். இணையத்தில் "பேச்சிலரெட் ஸ்கேவெஞ்சர் ஹன்ட்" என்று தேடினால் ரெடிமேட் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கும். முன்பின் தெரியாத ஒருவரிடம் போன் நம்பர் வாங்கு, அந்நியர் ஒருவரைக் கட்டிப்பிடித்துப் படம் எடு என்கிற மாதிரி. அவற்றைத் தொடவே வேண்டாம் என்பேன். தெருவில் போகிறவர் நம் விளையாட்டுக்குச் சம்மதம் சொல்லவில்லை, நம் கூட்டத்திலும் இரண்டு பேருக்காவது அது சங்கடமாக இருக்கும், வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதைவிட முக்கியம், அந்தப் பட்டியலில் கல்யாணப் பெண்ணே இருக்க மாட்டாள். யாருடைய பார்ட்டிக்கும் பொருந்துகிற பட்டியல் அது. வேட்டையில் அடுத்து எங்கே போக வேண்டும் என்று துப்புக் கொடுக்கிற ஒவ்வொரு சீட்டும் இவளைப் பற்றியதாக இருக்க வேண்டும், இவளை விட்டால் வேறு யாருக்கும் பொருந்தவே கூடாது.

படி 1: இரண்டு வாரம் முன்பே நினைவுகளைச் சேகரியுங்கள்

இடம் பார்ப்பதற்கும் கவர் வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பெண்ணின் அம்மா, அக்கா அல்லது தங்கை, பள்ளித் தோழி ஒருத்தி, ஹாஸ்டல் ரூம்மேட், அப்புறம் மாப்பிள்ளை என்று ஐந்து பேருக்குப் போன் போடுங்கள். "அவளைப் பற்றி ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டால் "நல்ல பொண்ணும்மா" என்பதோடு நின்றுவிடும். சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். சின்ன வயதில் எதைச் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தாள்? பள்ளி மாறுவேடப் போட்டியில் என்ன வேஷம் போட்டாள்? ஹாஸ்டலில் யாரோடு, எதற்காகச் சண்டை போட்டாள்? மாப்பிள்ளையிடம் "முதல் சந்திப்பில் அவள் என்ன ஆர்டர் செய்தாள்?" என்று கேட்டு, பதிலை வாய்ஸ் நோட்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் தோழியின் அம்மா ஒன்று சொன்னார்: மூன்றாம் வகுப்பில் பாரதியார் வேஷம் போட்டவள், ராத்திரி தூங்கப் போகும்போதும் கண்மை மீசையை அழிக்க விடவில்லையாம். பதினைந்து வருஷமாகப் பழகியும் எனக்கு அது தெரியாது. என் வேட்டையின் மிக நல்ல சீட்டு அந்த ஒரு போனில் கிடைத்ததுதான்.

படி 2: நடந்தே முடிக்கிற இடமாகத் தேர்ந்தெடுங்கள்

வண்டி ஏறி இறங்க வேண்டியிருந்தால் வேட்டை செத்துவிடும். பாண்டியில் ஒயிட் டவுன், அதாவது கடலை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதி, இதற்கென்றே அளந்து வைத்தது போல இருக்கிறது. தெருக்கள் நேர்க்கோட்டில் ஓடுவதால் தொலைந்து போக முடியாது, நிழல் உண்டு, எந்தத் தெருவிலிருந்து கிழக்கே நடந்தாலும் கடல் வந்துவிடும். நான் எடுத்துக்கொண்டது ஐந்து இடங்கள்: மணக்குள விநாயகர் கோயில், ஒயிட் டவுனின் எல்லையாக ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கும் பாரதியார் நினைவு இல்லம், பாரதி பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபம், துய்மா வீதி மாதா கோயில் எதிரில் இருக்கும் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை, பீச் ரோட்டில் பழைய கலங்கரை விளக்கம்.

தேதி குறித்துவிட்டால் முந்தின நாளோ அன்று காலையோ ஒரு தடவை நீங்களே நடந்து பாருங்கள். கூகுள் மேப்பில் ஏழு நிமிஷம் என்று காட்டுவது, எட்டுப் பெண்கள் பேசிக்கொண்டே, நடுவில் சுவர் ஒன்று அழகாக இருக்கிறதென்று நின்று படம் எடுத்துக்கொண்டே நடந்தால் பதினைந்து நிமிஷம் ஆகும்.

நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். கோயிலில் மதியம் நடை சாத்தியிருக்கும், வெயிலும் அதிகம். ஆறு மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால், அங்கே முடிகிற மாதிரி வைத்தால் கடைசிக் கட்டத்தில் ரோட்டைப் பற்றிய கவலையே இருக்காது. மே மாதம் என்றால் சாயங்காலத்தை மறந்துவிட்டுக் காலை ஆறரைக்குத் தொடங்கலாம். இன்னொன்று, சிலர் "கடலில் சூரியன் மறைவதைப் படம் எடு" என்று எழுதிவிடுவார்கள். பாண்டி கிழக்குக் கடற்கரை, சூரியன் ஊருக்குப் பின்னால்தான் மறையும். பௌர்ணமியை ஒட்டிப் போனால் கடலிலிருந்து நிலா எழும்பும், அதை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: இடத்தையும் நினைவையும் முடிச்சுப் போடுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு பாதி. முதல் பாதி இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு விடுகதை, இரண்டாம் பாதி அங்கே போனதும் செய்ய வேண்டியது. பாட்டி காலத்து விடுகதையில் ஒரு தாளம் இருக்கும் பாருங்கள், அதே தாளத்தில் எழுதினால் படிக்கும்போதே உற்சாகம் வந்துவிடும். ஆயி மண்டபத்துக்கு நான் எழுதியது:

"கோயில் என்று கும்பிட்டான் ராஜா, அது கோயில் இல்லை. வீட்டை இடித்துக் குளமாக்கினாள், இப்போது வீடும் இல்லை. குளத்துத் தண்ணீரைக் குடித்த ஊரில் அவளுக்கு வெள்ளை மண்டபம் எழும்பியது, அதில் குடியிருக்க ஆளும் இல்லை."

இந்த விடுகதைக்குப் பின்னால் ஊரில் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. விளக்கெரியும் ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட, அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொல்ல, அவளே அதை இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாளாம். பிறகு முத்தரையர்பாளையத்திலிருந்து அந்தத் தண்ணீரைப் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரில் மண்டபம் எழும்பியது. பூங்காவில் சும்மா படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது தெரியாது. விடை கண்டுபிடித்த குழு இந்தக் கதையைப் பெண்ணிடம் சொல்லி, அவள் தன் வீட்டைவிட்டுப் போகும்போது எதை எடுத்துப்போகப் போகிறாள் என்று ஊகித்து எழுத வேண்டும். விடை அவளிடம் முன்பே வாங்கி வைத்திருந்தேன். அறை ஜன்னலில் இருக்கும் துளசித் தொட்டி.

பாரதி 1908-இல் பாண்டிக்கு வந்து பத்து வருஷம் இருந்தவர் அல்லவா, அதனால் அந்த இடத்துக்குச் சீட்டு எளிது: "வெள்ளைக்காரனிடமிருந்து தப்பிப் பிரெஞ்சுக்காரன் ஊருக்கு வந்தவர் வீட்டு வாசல்." அங்கே போனதும் குழுவில் எல்லாரும் கண்மையால் மீசை வரைந்துகொண்டு பெண்ணை நடுவில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். அவளுக்கு விஷயம் புரிந்ததும் வாசலிலேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். நினைவு இல்லம் திறந்திருக்கும் நேரத்தை நம்பி எதையும் வைக்காதீர்கள், வாசலே போதும்.

ஜோன் ஆஃப் ஆர்க்குக்கு: "பதினேழு வயதில் போருக்குப் போனவள், மாதாவுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கிறாள்." அங்கே கேள்வி: நம் பெண் ஹாஸ்டல் வார்டனோடு போட்ட பெரிய சண்டை எதற்காக? (தண்ணீருக்காக. இரண்டு நாள் குழாயில் வரவில்லை.)

கலங்கரை விளக்கத்துக்கு நீங்களே எழுதிப் பாருங்கள், பழக்கம் வந்துவிடும்.

படி 4: பொருள் பட்டியல்

இடங்களுக்கு நடுவே வழியில் சேகரிக்கச் சில பொருள்கள் கொடுங்கள். நாலைந்து போதும். ஒரு முழம் மல்லிப்பூ, பெண்ணின் கைக்குச் சரியான அளவில் ஒரு டஜன் கண்ணாடி வளையல் (அவளை அளக்காமல், கண்ணால் பார்த்தே வாங்க வேண்டும்), அவள் பிறந்த வருஷம் அச்சிட்ட நாணயம். இந்த நாணயம் எல்லாரையும் பைத்தியமாக்கிவிட்டது. பூக்காரம்மா, இளநீர்க் கடைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் சில்லறையைக் கேட்டுப் புரட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு டீக்கடை டப்பாவில் கிடைத்தது. அந்தக் கடைக்காரரும் எங்களைவிட ஆர்வமாகத் தேடினார்.

இன்னொன்று, ஒயிட் டவுன் தெருக்களில் நீலப் பலகையில் பெயரைப் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருப்பார்கள். மாப்பிள்ளை பெயரின் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் வெவ்வேறு பலகையில் கண்டுபிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். செலவு கிடையாது, போகிற வழியெல்லாம் கண் பலகையைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ஒரு குழுவுக்குச் செலவுக்கு ரூ.300 ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், சில்லறையாக. யார் எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு நடுவில் வரக் கூடாது.

படி 5: குழு பிரிப்பது

நாங்கள் பெண்ணைச் சேர்த்து ஒன்பது பேர். நான் நடத்துபவள், அவள் தனி, மிச்சம் ஏழில் மூன்றும் நாலுமாக இரண்டு குழு. பள்ளித் தோழிகள் ஒரு பக்கம், ஆபீஸ் தோழிகள் ஒரு பக்கம் என்று விட்டுவிடாமல் கலந்து போடுங்கள். ஒருவரை ஒருவர் முதல் முறை பார்க்கிறவர்கள் இதில்தான் பழகுவார்கள், கல்யாண மண்டபத்தில் அது உதவும்.

பெண்ணை நடுவராக ஒரு கஃபேயில் உட்கார வைக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அவளுக்கான விழாவில் அவள் தனியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பாள். முதல் பாதி ஒரு குழுவோடு, மறு பாதி இன்னொரு குழுவோடு நடக்கட்டும். அவளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. அவளைக் குழுவில் எழுதிக்கொண்டாலும் நடக்க வைக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்து தன் குழுவுக்கு வீடியோ காலில் விடுகதை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

படி 6: சீட்டை எங்கேயும் ஒளித்து வைக்காதீர்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பூங்கா பெஞ்சுக்கு அடியில் ஒரு கவரை டேப் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன், அரை மணி நேரத்தில் பெருக்குகிற அம்மா அதைக் குப்பையோடு எடுத்துவிட்டார். அவர் செய்தது சரிதான், பொது இடத்தில் காகிதம் ஒட்டியது என் தவறு. அதற்குப் பிறகு இப்படி மாற்றினேன்: ஒரு இடத்துக்குப் போய்க் குழு முழுக்கத் தெரிகிற மாதிரி படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அடுத்த சீட்டை நான் அனுப்புவேன். நடு மூன்று இடங்களையும் இரண்டு குழுவுக்கும் வேறு வேறு வரிசையில் கொடுத்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் பின்தொடர முடியாது.

படி 7: விதிகள்

இடத்துக்கு 10 புள்ளி, பொருளுக்கு 5, நினைவுக் கேள்விக்கு 15. வேகத்துக்குப் புள்ளியே கிடையாது, இல்லையென்றால் ரோட்டைப் பார்க்காமல் ஓடுவார்கள். எட்டு நிமிஷத்தில் விடுகதை பிடிபடவில்லை என்றால் கேட்காமலே ஒரு குறிப்பு அனுப்பிவிடுங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம்.

பீச் ரோட்டுக் கருங்கல் பாறைகளில் இறங்குகிற எந்த வேலையும் வைக்காதீர்கள், பாசி வழுக்கும், அலை எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. பாண்டிக்கு வந்துவிட்டுக் குடிக்காமல் எப்படி என்பவர்கள் இருந்தால், வேட்டை முடிந்து ரூமுக்குப் போன பிறகு. சிவப்புத் தொப்பி போலீஸ்காரரோ கடைக்காரரோ, யாரைப் படம் எடுப்பதாக இருந்தாலும் முதலில் கேளுங்கள். எடுத்த படங்களைப் பெண் பார்த்துச் சரி சொல்லும் வரை யாரும் இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. மாமியார் வீட்டில் யார் என்ன பார்க்கலாம் என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் பையில் இரண்டு பவர் பேங்க், தண்ணீர், பேன்ட்-எய்ட், நாப்கின். செருப்பு தட்டையாக இருக்கட்டும் என்று முந்தின நாளே குரூப்பில் சொல்லிவிடுங்கள்.

படி 8: புதையல்

ஜெயித்த குழுவுக்குச் சின்னப் பரிசு போதும், நாங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தோம். புதையல் பெண்ணுக்கு. பெண்ணின் அம்மாவையும் சேர்த்து, அவளுக்கு நெருங்கியவர்கள் கைப்பட எழுதிய கடிதங்களை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். கலங்கரை விளக்கத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் காந்தி சிலை. கடைசிச் சீட்டில், சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கல்தூண்களை எண்ணி எனக்குச் சொல்ல வேண்டும், சரியாகச் சொன்னதும் டப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.

கடிதங்களைப் பத்து நாள் முன்பே கேட்டுவிடுங்கள், முடிந்தவரை கையெழுத்தில். அம்மாவுக்கு எழுத வராது, நான் டைப் பண்ணித் தருகிறேன் என்று அவள் தங்கை சொன்னாள், வேண்டாம், அவரே எழுதட்டும் என்று விடாப்பிடியாக நின்றேன். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த இரண்டு பக்கம் வந்தது. அதில் ஒன்றரைப் பக்கம் பருப்புத் துவையல் செய்முறை, எத்தனை மிளகாய் வற்றல், எவ்வளவு புளி என்பது வரை. சுற்றிலும் கூட்டம் நடந்துகொண்டிருக்க, கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அவள் அதை மூன்று தடவை படித்தாள்.