வாரநாளில், கையில் ஒரு வேலையோடு: டெக்சஸ் கவுண்டி கோர்ட்ஹவுஸ்களைப் பார்ப்பது எப்படி

டெக்சஸில் 254 கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) இருக்கின்றன. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஒவ்வொரு கவுண்டிக்கும் தலைமை ஊர் ஒன்று உண்டு. கோர்ட்டும் கவுண்டி ஆபீஸ்களும் இருக்கும் கட்டடமான கோர்ட்ஹவுஸ், பெரும்பாலும் அந்த ஊரின் நடுச் சதுக்கத்தில்தான் நிற்கும். நூறு வயதைத் தாண்டிய பல கட்டடங்களில் இன்றும் தினசரி வேலை நடக்கிறது.

இவற்றைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, சனிக்கிழமை போவது. பெரும்பாலான இடங்களில் கதவு பூட்டியிருக்கும். வெளியே நின்று நாலு படம் எடுத்துவிட்டு, எதிரில் காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். படிக்கட்டு, தரை ஓடு, கோர்ட் அறை, பெட்டக அறையின் இரும்புக் கதவு என்று பார்க்கத் தகுந்ததில் பாதி உள்ளேதான் இருக்கிறது. அதனால் வாரநாளில் போங்கள். முடிந்தால் சின்னதாக ஒரு வேலையையும் எடுத்துக்கொண்டு போங்கள். கவுன்ட்டர் வரிசையில் நிற்கிற இருபது நிமிடத்தில் தலையைத் தூக்கிப் பார்க்க நிறைய கிடைக்கும்.

எந்த நாள், எந்த நேரம்

பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 5 வரை. சிறிய கவுண்டிகளில் மதியம் 12 முதல் 1 வரை கவுன்ட்டரை மூடிவிடுவதுண்டு. திருமண லைசென்ஸ் போன்ற நேரம் பிடிக்கும் வேலைகளை 4 அல்லது 4:30 மணிக்கே நிறுத்திவிடுவார்கள். மத்திய அரசு விடுமுறைகளோடு கவுண்டி தனியாக அறிவிக்கும் விடுமுறைகளும் உண்டு. தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் பெரும்பாலும் மூடல். புனித வெள்ளி கவுண்டிக்குக் கவுண்டி மாறும்.

திங்கள் காலையைத் தவிர்ப்பது நல்லது. ஜூரித் தேர்வு பல இடங்களில் அன்றுதான். செக்யூரிட்டி வரிசை வாசல் வரை நீளும். சொத்து வரிக்குக் கடைசி நாள் ஜனவரி 31 என்பதால், அந்த வாரம் டாக்ஸ் ஆபீஸ் பக்கமே போகாதீர்கள். மாதத்தின் முதல் செவ்வாய் வேறு வகை. கடன் கட்டாமல் பறிமுதலாகும் வீடுகளை அன்று காலை 10 முதல் மாலை 4 மணிக்குள், கவுண்டி குறித்த இடத்தில் பகிரங்க ஏலம் விட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பல ஊர்களில் அந்த இடம் கோர்ட்ஹவுஸ் வாசற்படிதான். யார் வேண்டுமானாலும் நின்று கேட்கலாம். ஜனவரி 1, ஜூலை 4 ஆகியவை அந்தச் செவ்வாயில் விழுந்தால் ஏலம் மறுநாளுக்குப் போகும்.

கிளம்புமுன் ஒரு போன் செய்துவிடுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கவுண்டி கிளர்க் ஆபீஸ் பழைய கட்டடத்தில் இருக்கிறதா, அனெக்ஸுக்கு மாறிவிட்டதா?" பல கவுண்டிகள் ஆபீஸ்களையும் கோர்ட்டுகளையும் ஊருக்கு வெளியே புதிய கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டன. மேப்பில் "கவுண்டி கோர்ட்" என்று தேடினால் பழையதும் வரும், புதியதும் வரும். டென்டனில் 1896-இல் முடிந்த கோர்ட்ஹவுஸில் இப்போது மியூசியம் இருக்கிறது. ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் 1882-ஆம் ஆண்டுக் கட்டடம் ஊர் நூலகமாகிவிட்டது.

வெளியே: முதலில் ஒரு முழுச் சுற்று

காரைச் சதுக்கத்தில் நிறுத்தினால் பலகையைப் படியுங்கள். கடைக்காரர்களுக்காகப் பல ஊர்களில் இரண்டு மணி நேர வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு தெரு தள்ளி நிறுத்தினால் அந்தக் கவலை இல்லை.

கட்டடத்தை நெருங்காமல், எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நான்கு பக்கமும் ஒரு சுற்று வாருங்கள். பாணியைக் கூரையை வைத்துப் பிடிப்பதுதான் சுலபம். கூரை பெட்டி மூடிபோல் செங்குத்தாக எழும்பி, அதில் சின்ன ஜன்னல்கள் துருத்திக்கொண்டிருந்தால் அது செகண்ட் எம்பயர். 1880-களில் ஓங்கியிருந்த பாணி. கிரான்பரியில் உள்ள ஹூட் கவுண்டி கோர்ட்ஹவுஸ் நல்ல உதாரணம். கட்டடக் கலைஞர் வெஸ்லி கிளார்க் டாட்சன். அவரே கட்டிய ஹில்ஸ்பரோ கோர்ட்ஹவுஸ் 1993 ஜனவரி 1 அன்று தீப்பிடித்து எரிந்தது. இன்று நிற்பது பழைய சுவர்களை வைத்து மீட்டெடுத்தது.

தடித்த அரைவட்ட வளைவுகள், குட்டைத் தூண்கள், கரடுமுரடாகக் கொத்திய கல் என்றால் ரோமனெஸ்க் ரிவைவல். 1890-களின் பாணி. நாடு முழுக்க இது பரவியதில், பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க்கில் 1888-இல் முடிந்த அலெகெனி கவுண்டி கோர்ட்ஹவுஸுக்குப் பெரிய பங்கு உண்டு. டெக்சஸில் இதன் கை தேர்ந்தவர் ஜேம்ஸ் ரைலி கார்டன். வாக்சஹாச்சியில் எல்லிஸ் கவுண்டிக்கு அவர் கட்டியது 1897-இல் முடிந்தது. டெக்கேட்டரில் வைஸ் கவுண்டிக்குக் கட்டியது 1896-இல். இரண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். அடுத்தடுத்து இரண்டையும் பார்த்தால், எதை அப்படியே வைத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்பது தானாகப் புலப்படும். பெரிய தூண்வரிசை, முக்கோண முகப்பு, குவிமாடம் என்றால் கிளாசிக்கல் ரிவைவல். ஜார்ஜ்டவுனில் 1911-ஆம் ஆண்டின் வில்லியம்சன் கவுண்டி கோர்ட்ஹவுஸ் அந்த வகை. தட்டையான கூரையும் வெட்டினாற்போன்ற நேர்க்கோடுகளும் இருந்தால் 1930-களின் வேலை.

கார்டனின் கட்டடத்துக்கு முன்பக்கம் எது என்று தேடிக் குழம்ப வேண்டாம். கூட்டல் குறி வடிவத் திட்டம் அது. நான்கு கைகளும் சேரும் உள்மூலைகளில் வாசல்களை வைத்தார். நட்டநடுவில் கோபுரத்தின் அடியில் படிக்கட்டு. காரணம் வெயில். வாசல் மண்டபங்கள் நிழலைக் கொடுத்தன. சூடான காற்று படிக்கட்டு வழியாகக் கோபுரத்துக்கு ஏறி வெளியேறியது. ஏசி வருவதற்கு முந்தைய ஏற்பாடு. லா கிரேஞ்சில் 1891-இல் அவர் கட்டிய ஃபயட் கவுண்டி கோர்ட்ஹவுஸில் இதே வேலையை நடுமுற்றம் செய்தது. பிற்பாடு இடம் போதவில்லை என்று அந்த முற்றத்தை அடைத்துவிட்டார்கள். சீரமைப்பில் மறுபடி திறந்தார்கள்.

படம் எடுக்க உகந்த இடமும் மூலைதான். சதுக்கத்தின் மூலையிலிருந்து, தெருவைத் தாண்டி நின்று எடுங்கள். அருகில் நின்று போனின் அகல லென்ஸில் எடுத்தால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் இருக்கும். பெரும்பாலான சதுக்கங்கள் நேர் திசை பார்த்தவை. காலையில் தென்கிழக்கு மூலை, மாலையில் தென்மேற்கு மூலை. சிவப்பு மணற்கல் மத்தியான வெயிலில் வெளிறிப்போகும்; அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பாருங்கள்.

பிறகு கிட்டே போங்கள். முதலில் அடிக்கல், பெரும்பாலும் வடகிழக்கு மூலையில் இருக்கும். ஃப்ரீமேசன் சங்கத்தார் வந்து நாட்டிய வழக்கம் அது. கட்டடக் கலைஞர், கவுண்டி ஜட்ஜ், கமிஷனர்கள் பெயரெல்லாம் அதில் கிடைக்கும். அதிலுள்ள ஆண்டு கல் நாட்டிய ஆண்டு. கட்டி முடிய ஒன்றிரண்டு ஆண்டு கூடுதலாகப் பிடித்திருக்கும். பலகைக்குப் பலகை ஆண்டு மாறுவது இதனால்தான்.

அடுத்து, கல்லும் கல்லும் சேரும் இடத்தைப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய இடத்தில் இணைப்பு மென்மையாக, சற்று உள்வாங்கி இருக்கும். சில இடங்களில் இணைப்பு விளிம்புபோல் புடைத்து நிற்க, சுற்றியுள்ள மணற்கல் செதில் செதிலாக உதிர்ந்து பின்வாங்கியிருக்கும். பிற்காலத்தில் யாரோ கடினமான சிமென்ட் பூசியதன் பலன் அது. ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் கல்லுக்குள் தங்கி, கல்லின் முகத்தையே உரித்துவிடுகிறது. அப்படிப்பட்ட கல்லை விரலால் தேய்க்காதீர்கள், மணலாக வரும்.

மேலே கல்போல் தெரிவதெல்லாம் கல்லும் அல்ல. கூரையோர அலங்காரம், கோபுரம், உச்சியில் தராசு ஏந்தி நிற்கும் நீதி தேவதை பல இடங்களில் தகடு. அச்சில் அழுத்தி, மடித்துச் சேர்த்து, கல் நிறத்தில் பெயின்ட் அடித்தவை. பைனாகுலர் இருந்தால் தகட்டின் ஒட்டுக்கோடு தெரியும். 8 மடங்கு பெரிதாக்குவது போதும். வாக்சஹாச்சி தூண்தலைகளில் செதுக்கிய முகங்களுக்கும் அது உதவும். அந்த முகங்களுக்குப் பின்னால் ஒரு காதல் கதையை ஊரில் சொல்வார்கள். கேட்டு ரசிக்கலாம், நம்ப வேண்டியதில்லை.

உள்ளே

பல இடங்களில் வாசலில் மெட்டல் டிடெக்டர் இருக்கும். பேனாக்கத்தி, மிளகு ஸ்ப்ரே, மல்டிடூல் எதுவும் வேண்டாம், காரிலேயே வைத்துவிடுங்கள். வாங்கி வைத்துத் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். "கட்டடத்தைப் பார்க்க வந்தோம்" என்று சொல்வதே போதும். காவலர்களுக்குப் பழகிப்போன பதில் அது. மாடியில் உள்ள கோர்ட் அறை இன்று காலியா என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

வராந்தாத் தரையில் பூவேலை ஓடுகள் இருந்தால், நடைபாதை நடுவிலும் சுவரோரத்திலும் நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். தேய்மானம் தெரிந்தால் அசல். படிக்கட்டுத் தூணை விரல் மொட்டியால் மெல்லத் தட்டுங்கள்; கணீரென்றால் வார்ப்பிரும்பு. கவுண்டி கிளர்க் ஆபீஸ் பக்கம் கனமான இரும்புக் கதவுள்ள அறை இருக்கும். பத்திரப் பதிவேடுகள் தீயில் போகாமல் காக்கக் கட்டியது அது. அறையின் மேற்கூரை ஜன்னலின் உச்சிக்குக் கீழேயே முடிந்தால், 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏசிக்காகப் போட்ட பொய்க்கூரை என்று கொள்ளலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னலின் மேல்பகுதி மட்டும் அடைத்திருக்கும். டெக்சஸ் ஹிஸ்டாரிகல் கமிஷன் 1999-இல் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் பல கோர்ட்ஹவுஸ்களில் இத்தகைய கூரைகளைப் பிரித்தபோது, மேலே மறைந்து கிடந்த பால்கனிகள் வெளிவந்தன. நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் பல ஊர்களில் கறுப்பின மக்களை அந்தப் பால்கனியில்தான் உட்காரவைத்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு அண்ணாந்து பாருங்கள்.

விசாரணை நடந்துகொண்டிருந்தாலும் உள்ளே போகலாம். கோர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும் என்று டெக்சஸ் அரசியலமைப்பே சொல்கிறது. சிறார் வழக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் கதவை மூடுவார்கள். இடைவேளையில் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்காருங்கள். தொப்பியைக் கழற்றிவிடுங்கள், போனை அணைத்துவிடுங்கள். அறை காலியாக இருந்தால்கூட பெய்லிஃபை (கோர்ட் அறையின் காவலரை) கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். போன் கையோடு மாட்டினால் பேச்சு நீதிபதியோடு.

கையோடு முடிக்கக்கூடிய வேலைகள்

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் பாதி நேரம் வீணாகும். நம் ஊர் சார்பதிவாளர் செய்யும் வேலை இங்கே கவுண்டி கிளர்க்கிடம்: கிரயப் பத்திரம், திருமண லைசென்ஸ், பிறப்பு இறப்புச் சான்று, தொழிலின் பெயர்ப் பதிவு. விவாகரத்துத் தீர்ப்பு டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம். காரின் டைட்டிலும் ரெஜிஸ்ட்ரேஷனும் சொத்து வரியும் டாக்ஸ் ஆபீஸில். டிரைவிங் லைசென்ஸ் இங்கே கிடையாது. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான ஹோம்ஸ்டெட் வரிச் சலுகையும் இங்கே இல்லை. அது சொத்தின் மதிப்பைக் கணக்கிடும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில், இலவசம்.

வீட்டுப் பத்திர நகல்தான் சுலபமான வேலை. வீடு எந்தக் கவுண்டியோ அங்கேதான் கிடைக்கும். சாதாரண நகல் பக்கத்துக்கு 1 டாலர். சான்றிட்ட நகலுக்கு அதோடு 5 டாலர். வீடு வாங்கியதும் "உங்கள் பத்திரத்துக்கு நகல் வாங்கித் தருகிறோம்" என்று பெரிய தொகை கேட்டுத் தபால் வரும். அதைக் குப்பையில் போடலாம். இன்டெக்ஸில் விற்றவர், வாங்கியவர் பெயர்களைத் தனித்தனியே அடுக்கியிருப்பார்கள். தமிழ்ப் பெயர்களில் ஒரு சிக்கல்: எது குடும்பப் பெயர் என்று, பத்திர வேலையைக் கவனித்த டைட்டில் கம்பெனி எப்படி எழுதியதோ அப்படியே ஏறியிருக்கும். உங்கள் பெயரில் கிடைக்காவிட்டால் அப்பா பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

திருமண லைசென்ஸை மாநிலத்தின் எந்தக் கவுண்டியிலும் வாங்கி, எந்த ஊரிலும் பயன்படுத்தலாம். பிடித்த கோர்ட்ஹவுஸைத் தேர்ந்தெடுக்க இதுவே போதுமான காரணம். இருவரும் பாஸ்போர்ட் போன்ற அடையாளச் சான்றோடு நேரில் போக வேண்டும். வாங்கிய பின் 72 மணி நேரம் காத்திருந்து, 90 நாளுக்குள் திருமணம் நடக்க வேண்டும். மாநிலம் அங்கீகரித்த 8 மணி நேரத் திருமண வகுப்பை முடித்திருந்தால் காத்திருப்பு இல்லை, கட்டணமும் குறையும். சடங்கு முடிந்ததும் நடத்தி வைத்தவர் கையெழுத்திட்ட லைசென்ஸை 30 நாளுக்குள் அதே கிளர்க்கிடம் திருப்ப வேண்டும். இங்கேதான் சறுக்கல். கல்யாண மும்முரத்தில் காகிதம் யாரோ ஒருவரின் பையில் தங்கிவிடும். மாதங்கள் கழித்து விசா வேலைக்குச் சான்றிட்ட நகல் கேட்டால் பதிவே இருக்காது. ஐயரோ பாதிரியாரோ, கையெழுத்துப் போட்டதும் அதை நீங்களே வாங்கித் தபாலில் சேர்த்துவிடுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல் படியுங்கள். பெயரின் எழுத்துகள், தேதி, கிளர்க் கையெழுத்து, முத்திரை. இந்தியாவுக்கு அனுப்ப அபோஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கவைக்கும் சான்று) வேண்டுமானால், ஆஸ்டினில் உள்ள செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீஸ் இந்தச் சான்றிட்ட நகலைத்தான் கேட்கும். அதைப் போட்டோகாபி எடுத்து அனுப்பினால் திரும்பி வரும். அதனால் முதலிலேயே இரண்டு நகலாகக் கேளுங்கள்.