உதவிப் பேராசிரியர் கனவா? இந்தத் தவறுகள் வேண்டாம்

விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை, கடைசி நாளில் பணம் கட்டப்போய் சர்வர் படுத்துக்கொள்வது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இங்கே பேசப்போவது, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தேசியத் தகுதித் தேர்வான ‘நெட்’ தொடங்கி, வேலையையே பறிக்கும் தவறுகளை.

மூன்றாம் பிரிவை ‘நெட் பாஸ்’ என்று நம்புவது

ஒவ்வொரு முறை முடிவு வரும்போதும் எரிச்சலூட்டுவது இதுதான். 2024 ஜூன் முதல் யுஜிசி நெட் தேர்ச்சி மூன்று பிரிவாக வருகிறது: ஜேஆர்எஃப்புடன் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) உதவிப் பேராசிரியர் தகுதி; உதவிப் பேராசிரியர் தகுதியுடன் பிஎச்.டி. சேர்க்கை; பிஎச்.டி. சேர்க்கை மட்டும். மூன்றாவதில் பெயர் வந்தவர்கள் ஊரெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டு, கல்லூரிச் சான்றிதழ் சரிபார்ப்பில் போய் விழிக்கிறார்கள். அதில் கற்பிக்கும் தகுதி கிடையாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் காலாவதி இல்லை, பிஎச்.டி. சேர்க்கைக்கான மதிப்பெண்ணோ ஓராண்டுதான் செல்லும். சேர்க்கையில் அதற்கு 70 விழுக்காடு, நேர்முகத்துக்கு 30.

பலர் மூன்றாவதில் போய் விழுவது ஏன்? 40 விழுக்காட்டை (இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 35) தேர்ச்சி மதிப்பெண் என்று நினைப்பதால். அது வாசற்படி மட்டுமே. இரண்டு தாளும் எழுதியவர்களில் சுமார் 6 விழுக்காட்டினருக்குத்தான் உதவிப் பேராசிரியர் தகுதி. பாடத்தாளை (100 கேள்வி, 200 மதிப்பெண்) உருப்போட்டுவிட்டு, முதல் தாளை (50 கேள்வி, 100 மதிப்பெண்) பொது அறிவு என்று ஒதுக்குகிறவர்களுக்குக் கட் ஆஃப் தாண்டாது. தரவு விளக்கம், தர்க்கம், ஆய்வு முறை ஆகியவை பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தால் படிந்துவிடும். இரண்டு தாளுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. எந்தக் கேள்வியையும் விடாதீர்கள்.

54.8-ஐ 55 ஆக்குவது

ஆகாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும்; அந்த மதிப்பெண்ணை முழுமையாக்கிக் கணக்கிட மாட்டார்கள். 50 போதும் என்ற சலுகை வேண்டுமானால், தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவில் வராதவர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்; அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இயற்பியல், வேதியியல், கணிதக்காரர்கள் யுஜிசி நெட்டைத் தேடுவது

உங்களுக்கு சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழிலக ஆய்வுக் கழகம்) நெட். அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் பறிபோகும்.

எம்.ஃபில்.

முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் இடையிலிருந்த இந்த ஆய்வுப் பட்டம் யுஜிசியின் 2022 விதிமுறையோடு முடிந்துபோனது. யார் சேரச் சொன்னாலும் சேராதீர்கள்.

செட் சான்றிதழோடு பெங்களூருக்குக் கிளம்புவது

செட் என்பது மாநில அளவிலான தகுதித் தேர்வு; தமிழ்நாடு செட் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குத்தான். வெளிமாநிலம் போவதென்றால் நெட் எழுதுங்கள்.