குளக்கட்டும் மொட்டைப்பாறையும்: மட்டக்களப்பு, அம்பாறை மலைகளில் ஏறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பிமலையின் உயரம் 500 மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். உகனைப் பக்கமுள்ள ராஜகல ஏறக்குறைய 1,000 அடி. தாந்தாமலை இவற்றை விடச் சின்னது. இலங்கையின் மிக உயரமான, 2,524 மீட்டர் பிதுருதலாகலையைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு மலையா என்று தோன்றும். அந்த எண்ணந்தான் முதல் தவறு, மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்தே வருகிறது. எங்கள் பக்கத்து மலைகளில் ஏறும் வேலை கொஞ்ச நேரம். அடிவாரத்துக்குப் போய்ச் சேர்வதிலும் பொழுது சாயுமுன் திரும்பி வருவதிலுந்தான் விஷயம் இருக்கிறது. வட்டை (வயல்வெளி), வாய்க்கால், குளக்கட்டு, பற்றைக்காடு, அதற்குப் பிறகுதான் பாறை.

பயணத்துக்கு நாள் குறிப்பவர்கள் பெரும்பாலும் விடுமுறையைப் பார்க்கிறார்கள், மழையைப் பார்ப்பதில்லை. மலைநாட்டுக்குச் சொல்லப்படும் பருவ ஆலோசனை இங்கே தலைகீழ். அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் இங்கே கச்சான் என்ற வறண்ட காற்று நெருப்பாக வீசும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை எங்களை நனைக்கும். டிசம்பர் விடுமுறைக்கு குடும்பிமலை பார்க்கலாம் என்று கிளம்பி வருகிறவர்கள் கிரான், புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழமையான கதை. அந்த நாட்களில் ஊர்ச்சனமே தோணியிலும் உழவு இயந்திரத்திலுந்தான் போய் வருகிறது. வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும்போது மோட்டார் சைக்கிளை இறக்கிப் பார்க்காதீர்கள். மேலே உன்னிச்சையிலோ வேறு குளத்திலோ வான்கதவு திறந்திருந்தால், கணுக்கால் அளவு தண்ணீர் இடுப்பளவாவதற்கு அதிக நேரம் எடுக்காது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, கைபேசி வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. குளத்தின் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆகஸ்டில் மாடு மேய்ந்த தரை ஜனவரியில் தண்ணீருக்குள் கிடக்கும். வரைபடத்தில் பாதையாகத் தெரியும் கோடு வாய்க்கால் கட்டாக இருக்கலாம், மாட்டுத் தடமாக இருக்கலாம், ஆனைத் தடமாகவும் இருக்கலாம். காட்டுக்குள் சிக்னல் இல்லாத இடங்களும் உண்டு. மாட்டுப் பட்டிக்காரர் ஒருவரை வழியில் கண்டால் நின்று கேளுங்கள். "அண்ணன், இந்தப் பக்கம் ஆனை நிக்குதா?" என்ற ஒரு கேள்வி எந்தச் செயலியையும் விடப் பயன்படும். "இப்ப போக வேணாம் மகன், விடிய வாங்க" என்று அவர் சொன்னால் பேரம் பேசாமல் திரும்புங்கள்.

ஆனை விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். மின்வேலி ஊரையும் காட்டையும் பிரிக்கும் எல்லை. அதைத் தாண்டினால் நீங்கள்தான் விருந்தாளி. திறந்த படலையை மூடாமல் போவது, அன்றிரவு யாரோ ஒருவரின் வயலுக்கு ஆனையை அனுப்பி வைப்பதற்குச் சமம். எல்லாக் கம்பியும் வனஜீவராசிகள் திணைக்களம் போட்ட வேலி அல்ல. முறையான மின்வேலி விட்டு விட்டுத்தான் அடிக்கும், ஆளைக் கொல்லாது. தோட்டத்தைச் சுற்றிச் சிலர் களவாக வீட்டு மின்சாரத்தையே நேரடியாகக் கொடுத்துக் கட்டும் கம்பி ஆளையும் ஆனையையும் கொன்றிருக்கிறது. ஆகவே எந்தக் கம்பியையும் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

வறட்சியில் காட்டுக்குள் நீர் வற்ற, ஆனைகள் குளங்களைச் சுற்றிக் கூடும். லாகுகலையில் ஆகஸ்ட், செப்டம்பரில் கூட்டங்கூட்டமாகப் புல் மேய்வதைப் பார்க்கலாம். மழை இல்லாத, பாதை காய்ந்த, வசதியான காலம் என்று நாம் நினைக்கும் மாதங்கள் அவைதான். சூரியன் மறைவதை மலையுச்சியில் பார்க்க வேண்டும் என்ற ஆசையை இந்தப் பக்கம் விட்டுவிடலாம். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குப் பிறகு குளக்கரை அவற்றுக்குரியது. விடியற்காலையில் வெளிச்சம் நன்றாக வந்தபின் புறப்பட்டு, மதியத்துக்குள் இறங்கிவிடுவது என் கணக்கு. ஈரம் காயாத லத்தி, புதிதாக முறிந்த கொப்பு, பற்றைக்குள் கொப்பு முறியும் சத்தம், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வந்த வழியே திரும்புங்கள். படம் எடுக்க நெருங்குவது, ஆனைவெடி கொளுத்துவது, டோர்ச் அடிப்பது, மூன்றும் வேண்டாம்.

காட்டோரச் சேனைகளில் கட்டுத்துவக்கு (மிருகம் நூலில் பட்டதும் தானாக வெடிக்கும் துவக்கு) வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தடத்துக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு மெல்லிய நூலோ கம்பியோ கிடந்தால் அதை விலக்கிப் பார்க்கக் கூடாது. தீன் பொருளுக்குள் வெடிமருந்து மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸும் அப்படித்தான், கீழே கிடக்கும் பூசணிக்காயையோ பொட்டலத்தையோ தொடாதீர்கள். மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் குடும்பிமலைப் பக்கம் யுத்தம் நடந்த மண், துருப்பிடித்த இரும்பு எதுவானாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

அடுத்தது பாறை. காய்ந்திருக்கும்போது அதன் மேல் கறுப்பாகத் தெரியும் படலம் வெறும் கறை போலிருக்கும். ஒரு தூறல் விழுந்தால் அது பாசி என்று அப்போதுதான் தெரியும். பாட்டா செருப்போடு ஏறிவிடலாம், இறங்குவதுதான் பாடு. அடி பிடிக்கும் சப்பாத்து போடுங்கள், ஏறும்போதே எந்த வழியால் இறங்குவது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் காலத்தில் பதினொரு மணிக்கு மேல் பாறையில் உட்கார முடியாது. ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீர் அதிகம் என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் பைக்கற் ஒன்றும் பையில் கிடக்கட்டும். தலையிடி, குமட்டல், பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால் உச்சியை மறந்துவிட்டு நிழலுக்கு இறக்கி உடம்பை நனைக்க வேண்டும்.

மார்ச், ஏப்ரலிலும் மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் காலை வானம் சுத்தமாக இருந்து, பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டும். மொட்டைப்பாறையில் அந்த நேரம் உயரமான பொருள் நீங்கள்தான். முதல் இடி கேட்டதும் இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். எந்த மாதம் போகலாம் என்று கேட்டால் பெப்ரவரி என்பேன். குளங்கள் நிறைந்திருக்கும், வெயில் இன்னும் முறுகியிருக்காது.

பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கூடு கட்டும். கூச்சல், கல்லெறி, புகை, கடும் வாசனைத் திரவியம் எல்லாம் அதைச் சீண்டும். ஒன்று கொட்டினால் அந்த வாசனையே மற்றவற்றைக் கூப்பிடும் என்பதால் நின்று அடித்து விரட்டக் கூடாது. முகத்தை மூடிக்கொண்டு தூரமாக ஓடுங்கள். தண்ணீருக்குள் குதிப்பதும் வேண்டாம், மேலே காத்துக்கொண்டு நிற்கும்.

குளத்தில் குளிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சேனநாயக்க சமுத்திரமோ உறுகாமமோ, மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்குள் சேறு, கொடி, திடீர்ப் பள்ளம், பட்ட மரக்கட்டை, முதலை எல்லாம் உண்டு. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்கு அருகே இழுவை வேறு. ஊர்ச்சனம் குளிக்கும் துறையில் மட்டும், அவர்கள் குளிக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். மலைமேல் சுனைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காலில் காயத்தோடு வயல் சேற்றில் நடந்துபோய், அடுத்த வாரங்களில் காய்ச்சல் வந்தால், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1954இல் பிரகடனப்படுத்தப்பட்ட கல்லோயா தேசிய வனத்துக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு இல்லாமல் நுழையக் கூடாது. ராஜகல தொல்பொருள் பூமி, கல்லில் பெயர் கீறினால் வழக்கு. தாந்தாமலையில் கோயில் இருக்கிறது, அங்கே சாராயப் போத்தலோடு ஏறுகிறவர்களுக்கு என்ன சொல்வது! சோற்றுப் பொதி சுற்றிய பொலித்தீனைக் கட்டாயம் திருப்பிக் கொண்டுவாருங்கள். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று ஆனைகள் செத்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

புறப்படுமுன் வீட்டில் ஒருவரிடம் எந்த மலை, எந்த ஊர்ப் பக்கத்தால் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்று சொல்லி வையுங்கள். விபத்து என்றால் 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், வெள்ளம் என்றால் 117. அழைக்கும்போது மலையின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. கடைசியாகத் தாண்டிய ஊர், குளம், கோயில் இவற்றில் ஒன்றைச் சொன்னால்தான் வாகனம் எந்தப் பாதையால் வருவது என்று அவர்களுக்குப் புரியும்.