பரவலாகப் பேசப்படும் தலைப்புகளையும் சமூக ஊடகங்களையும் கொண்டு தேடலில் முன்னேறுவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

புதிதாக வலைத்தளம் தொடங்கியவர்களில் பலர், முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் விருப்பக்குறிகள் கூடக் கூடக் கூகுள் தேடலில் தங்கள் பக்கமும் மேலேறிவிடும் என்று நம்பி, உழைப்பு முழுவதையும் அங்கேயே செலவிடுகிறார்கள். கூகுளின் தேடல் பிரிவில் பணியாற்றிய மாட் கட்ஸ் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு காணொளியில், முகநூல், ட்விட்டர் பக்கங்களும் பிற இணையப் பக்கங்களைப் போலவே கருதப்படுகின்றன என்றும், விருப்பக்குறிகளும் பின்தொடர்வோர் எண்ணிக்கையும் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். சமூக ஊடகங்களில் நாம் இடும் இணைப்புகளில் பெரும்பாலும் ‘நோஃபாலோ’ குறி (இந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) சேர்க்கப்படுவதால், வேறொரு தளம் தன் கட்டுரைக்குள் மனமுவந்து தரும் இணைப்புக்கு அவை ஈடாவதில்லை.

அப்படியிருந்தும் சமூக ஊடகம் தேடலுக்குப் பெரிதும் உதவுகிறது. ஆனால் அது உதவுவது சுற்றுவழியில். உங்கள் பதிவைப் பார்ப்பவர்களில் சிலர் தாங்களும் எழுதுபவர்களாக இருப்பார்கள், அவர்கள் தம் கட்டுரையில் உங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பார்கள். வேறு சிலர் உங்கள் தளத்தின் பெயரை நினைவில் வைத்துப் பிறகு அதையே தேடுவார்கள். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்தச் சுற்றுவழியை வலுப்படுத்துவதற்காகவே அமைந்தவை. விளக்கத்துக்காக, ஒளிப்படக் கலையைப் பற்றி ஒரு தளம் நடத்துபவர் 2026 ஆகஸ்ட் 12 அன்று நிகழும் முழுச் சூரிய கிரகணத்தைத் தலைப்பாகக் கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படி: நாள் தெரிந்த தலைப்பைத் தேர்ந்தெடுங்கள்

பரவலாகப் பேசப்படும் தலைப்புகளில் எதிர்பாராமல் வெடிப்பவையும் உண்டு, எப்போது வரும் என்று முன்பே தெரிந்தவையும் உண்டு. புதிய செய்திகள் தேவைப்படும் தேடல்களில் அண்மையில் வெளிவந்த பக்கங்களுக்குக் கூகுள் முன்னுரிமை தருகிறது என்பது உண்மைதான். எனினும் திடீர்ச் செய்திகளில் அந்த இடத்தைப் பெரிய செய்தி நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் நிரப்பிவிடுகின்றன. புதிய தளத்தின் பக்கமோ தேடல் அட்டவணையில் (கூகுள் தேடலுக்காகச் சேர்த்து வைக்கும் பக்கங்களின் பட்டியலில்) சேர்வதற்கே சில நாள்கள் ஆகலாம். ஆகவே கிரகணம், விளையாட்டுப் போட்டி, தேர்வுக் காலம், மென்பொருளின் புதிய பதிப்பு என நாள் குறிக்கப்பட்டவற்றையே தொடக்கத்தில் எடுத்துக்கொள்வது நல்லது. உங்கள் தளத்தின் பொருளோடு தொடர்பில்லாத தலைப்பு எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதன் வழியாக வரும் வாசகர் அடுத்த பக்கத்தைத் திறக்கமாட்டார்.

இரண்டாம் படி: கூகுள் ட்ரெண்ட்ஸைச் சரியாகப் படியுங்கள்

கட்டணமில்லாத இந்தக் கருவியில் ஒரு சொல்லை இட்டால் 0 முதல் 100 வரையிலான ஒரு வரைபடம் வரும். 100 என்பது தேடியவர்களின் எண்ணிக்கை அன்று. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்திலும் பகுதியிலும் அந்தச் சொல்லுக்கு இருந்த ஆர்வத்தின் உச்சம் மட்டுமே. மிகக் குறைவாகத் தேடப்படும் சொல்லும் தன் உச்சத்தில் 100ஐத் தொடும் என்பதால், ஒரு சொல்லைத் தனியாகப் பார்த்து முடிவு செய்யாமல் வேறு சொற்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம். கால அளவை ஐந்து ஆண்டுகளாக மாற்றினால், ஆர்வம் நிகழ்வுக்கு எத்தனை வாரங்களுக்கு முன்பு ஏறத் தொடங்குகிறது என்பது புலப்படும். நீங்கள் வெளியிட வேண்டிய நாளை அதுவே காட்டிக்கொடுக்கும். கீழே வரும் தொடர்புடைய தேடல்களில் ‘பிரேக்அவுட்’ என்று குறிக்கப்பட்டவை 5000 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தவை. அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மக்கள் கேட்கும் கேள்விகளைத் திரட்டுங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். ட்ரெண்ட்ஸ் எதைத் தேடுகிறார்கள் என்று சொல்லும். எதில் குழம்புகிறார்கள் என்பதைச் சமூக ஊடகப் பதிவுகளின் கீழுள்ள பின்னூட்டங்களே சொல்லும். கிரகணப் படங்களின் கீழே “கைப்பேசியில் எடுக்கலாமா?”, “வடிகட்டி இல்லாமல் எடுத்தால் கேமரா கெட்டுவிடுமா?”, “முழுமறைப்பின்போது வடிகட்டியைக் கழற்ற வேண்டுமா?” போன்ற கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுவதைக் காணலாம். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி வைத்து, உங்கள் பக்கத்தின் துணைத்தலைப்புகளாக ஆக்குங்கள். தேடல் பெட்டியிலும் மக்கள் ஏறத்தாழ அதே சொற்களைத்தான் இடுகிறார்கள்.

நான்காம் படி: நிலைத்திருக்கும் ஒரே பக்கத்தை உருவாக்குங்கள்

ஒவ்வொரு நிகழ்வுக்கும் புதிய பக்கம் தொடங்குவதைத் தவிருங்கள். பக்கத்தின் முகவரியில் ஆண்டைச் சேர்க்காமல், ‘சூரிய கிரகணத்தைப் படம் எடுப்பது’ என்ற பொருளில் அமைத்து, ஆண்டைத் தலைப்பில் மட்டும் குறிப்பிடுங்கள். அப்போதுதான் இம்முறை கிடைக்கும் இணைப்புகளின் வலிமை அடுத்த கிரகணத்துக்கும் அதே முகவரியில் சேர்ந்திருக்கும். உங்கள் தளத்தின் பிற கட்டுரைகளிலிருந்தும் இதற்கு இணைப்புக் கொடுத்த பின், தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் பக்க முகவரியை இட்டு, அட்டவணையில் சேர்க்கும்படி கோருங்கள். ஆர்வம் ஏறத் தொடங்கும் முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பகிர்வதற்கு ஏற்றதாக ஆக்குங்கள்

பகிரும்போது தெரியும் தலைப்பு, சுருக்கம், படம் ஆகியவற்றை பக்கத்தின் நிரல்வரிகளில் இடப்படும், முகநூல் 2010இல் அறிமுகப்படுத்திய ‘ஓப்பன் கிராஃப்’ குறிகள் தீர்மானிக்கின்றன. படத்தை 1200க்கு 630 பிக்சல் அளவில் வையுங்கள். பழைய படமே தொடர்ந்து தெரிந்தால், முகநூலின் ‘ஷேரிங் டீபக்கர்’ கருவியில் முகவரியை இட்டுப் புதுப்பிக்கலாம்.

ஆறாம் படி: தளத்துக்கேற்பப் பகிருங்கள்

வெறும் இணைப்பை எல்லா இடத்திலும் ஒட்டுவதால் பயனில்லை. மூன்றாம் படியில் திரட்டிய ஒரு கேள்வியை எடுத்து, அதற்குரிய பதிலைப் பதிவிலேயே முழுமையாகத் தந்து, மேலும் அறிய விரும்புவோருக்கு இணைப்பைக் கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதும் முகவரியைச் சொடுக்க முடியாது என்பதால், அதைச் சுயவிவரப் பகுதியிலோ ஸ்டோரியிலோ சேர்க்க வேண்டும். ஹேஷ்டேக் பொருளோடு பொருந்துவதாக இருந்தால் போதும். பேரிடரையும் உயிரிழப்பையும் ஒட்டிப் பரவும் ஹேஷ்டேக்குகளில் உங்கள் பக்கத்தை நுழைக்கவே கூடாது. அது துயரத்தில் இருப்பவர்களை மேலும் புண்படுத்தும். தரவரிசைக்காக இணைப்புகளை விலைக்கு வாங்குவதும் கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது. ஒவ்வொரு தளத்திலும் இடும் முகவரியோடு யுடிஎம் குறிகளை (வருகை எங்கிருந்து என்று காட்ட முகவரியின் இறுதியில் இடும் சொற்களை) சேர்த்தால், எந்த ஊடகத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் தளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் பிரித்துக் காட்டும்.

ஏழாம் படி: அலை ஓய்ந்த பின் கணக்குப் பாருங்கள்

நிகழ்வு முடிந்து ஒரு மாதம் கழித்துச் சர்ச் கன்சோலைத் திறந்து, பகிர்வதற்கு முன்னும் பின்னும் உள்ள சம அளவான காலங்களை ஒப்பிடுங்கள். தளத்தின் பெயரைத் தேடி வந்தவர்கள் கூடியிருக்கிறார்களா, பிற தளங்களிலிருந்து புதிய இணைப்புகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பலமுறை தேடல் முடிவுகளில் தோன்றியும் சொடுக்கப்படாத தேடல்சொற்கள் இருந்தால், அவற்றுக்கு உரிய விடை பக்கத்தில் உள்ளதா என்று சரிபார்த்துத் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் திருத்துங்கள். இந்தத் தரவுகள் 16 மாதங்கள் மட்டுமே அங்கு இருக்கும் என்பதால், தேவையானவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த முழுச் சூரிய கிரகணம் 2027 ஆகஸ்ட் 2 அன்று நிகழவிருக்கிறது. அதே முகவரியில் தலைப்பின் ஆண்டையும் படங்களையும் மாற்றி, அதற்கு முன்பாகவே மீண்டும் இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.