வீட்டில் ரத்த அழுத்தம் அளக்கும் முறை: விதிகளும் அவற்றுக்கு உடலில் உள்ள காரணமும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்போது பல வீடுகளின் அலமாரியில், சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் மெஷினும் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது வாங்கி வரும் பொருள்களில் அதுவும் சேர்ந்துவிட்டது. காலையில் 152 காட்டிய கருவி பத்து நிமிடம் கழித்து 134 காட்டினால், மெஷின் சரியில்லை என்று அதை ஒதுக்கிவிடுகிறவர்கள் பலர். அந்த வேறுபாட்டுக்குக் கருவி பெரும்பாலும் பொறுப்பாவதில்லை. ரத்த அழுத்தம் என்பது ஒவ்வொரு துடிப்பிலும் உடல் கூட்டியும் குறைத்தும் திருத்திக்கொண்டே இருக்கும் ஓர் அளவு. அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அளக்கும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அழுத்தத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: இதயம் ஒரு நிமிடத்தில் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவும், அந்த ரத்தத்துக்கு நாளங்கள் கொடுக்கும் தடையும். ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் என்ற கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. தடையில் பெரும்பங்கு, தலைமுடி அளவுக்கு மெலிந்த நுண்தமனிகளில்தான் ஏற்படுகிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்தாலும் எந்த வயலுக்கு எவ்வளவு பாயும் என்பதை மடைகள் தீர்மானிப்பதைப் போல, எந்த உறுப்புக்கு எவ்வளவு ரத்தம் என்பதை இந்த நுண்தமனிகள் சுருங்கியும் விரிந்தும் தீர்மானிக்கின்றன. ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓட்டத்துக்கு உள்ள தடை 16 மடங்காகும் என்பதால், நாளச் சுவரின் தசை மிகச் சிறிதளவு இறுகினாலே அழுத்தம் கணிசமாக ஏறிவிடும்.

இந்தச் சுருக்கத்தையும் விரிவையும் நொடிக்கு நொடி நடத்துவது நரம்புகள். கழுத்தின் இருபுறமும் ஓடும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும், சுவர் இழுபடுவதை உணரும் நரம்பு நுனிகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டில் உள்ள முகுளத்துக்குச் செய்தி அனுப்ப, இதயத் துடிப்பு குறைந்து நாளங்கள் தளர்கின்றன. இறங்கினால் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. நாம் படுக்கையை விட்டு எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுகிறது. ஆனாலும் மயங்கி விழாமல் நிற்பதற்கு, ஓரிரு துடிப்புகளுக்குள் வேலை செய்யத் தொடங்கும் இந்த ஏற்பாடே காரணம். இதே வேகம்தான் அளப்பவருக்குச் சிக்கலும் ஆகிறது: பேச்சு, பதற்றம், மாடிப்படி, குளிர், அடக்கி வைத்த சிறுநீர் என எதுவானாலும் உடனே எண்ணில் தெரியும்.

ஆகவே அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே தேநீர், காப்பி, பீடி, சிகரெட் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நிக்கோட்டினும் கஃபீனும் நாளங்களைச் சுருக்கி, இதயத்தை விரைவுபடுத்தும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாயும் நாற்காலியில் கால்களைத் தரையில் ஊன்றி, ஒன்றன்மேல் ஒன்று போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கால்மேல் கால் போட்டால் கால் தசைகள் இறுகி, சிரைகளில் தேங்கியிருந்த ரத்தம் இதயத்துக்குத் தள்ளப்படும். உடலின் மொத்த ரத்தத்தில் பாதிக்கு மேல் எப்போதும் சிரைகளில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால் இதன் விளைவு புரியும். நம் வீடுகளில் பிரஷர் பார்ப்பது ஒரு சிறு கூட்டமாகவே நடக்கிறது. ‘எவ்வளவு இருக்கு?’ என்று சுற்றி நிற்பவர்கள் கேட்பதும், கையில் கட்டிய கருவியின் பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போதே பதில் சொல்வதும் அளவை ஏற்றிவிடும். அந்த ஐந்து நிமிடமும் தொலைக்காட்சி அணைந்திருப்பது நல்லது.

அடுத்தது கையின் உயரம். பலர் தவறுவது இங்கேதான். பட்டை கட்டிய மேல்கை, நெஞ்செலும்பின் நடுப்பகுதிக்கு நேராக, அதாவது இதயத்தின் மட்டத்தில், ஒரு மேசைமேல் தளர்வாக இருக்க வேண்டும். ரத்தத்துக்கும் எடை உண்டு. கை இதயத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிமீட்டர் பாதரசம் கூடுதலாகக் காட்டும், உயர்ந்திருந்தால் அதே அளவு குறைவாகக் காட்டும். கையைத் தொடைமேல் போட்டுக்கொண்டு அளக்கிறவர், இல்லாத பிரஷருக்கு மாத்திரை கேட்டுப் போக நேரலாம். தாங்கல் இல்லாமல் கையை நீட்டிப் பிடித்திருந்தாலும் தவறுதான், ஏனென்றால் அசையாமல் இறுகி நிற்கும் தசை தன்னுள் ஓடும் நாளங்களை அமுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. கரமடி வலையைக் கரையிலிருந்து இழுக்கும்போது கயிற்றைப் பிடித்து நிற்கும் கையிலும் முதுகிலும் நடப்பது, சிறிய அளவில், இதுவே.

பட்டையின் அளவை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கருவியோடு வரும் நடுத்தரப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள மேல்கைக்கு உரியது; துடுப்பும் வலையும் பிடித்துத் திரண்ட கைக்கு அது இறுக்கமாகி, உண்மையைவிட அதிகமாகக் காட்டும். தையற்கடை நாடாவால் மேல்கையின் நடுப்பகுதியை அளந்து, தேவையானால் பெரிய பட்டையைக் கேட்டு வாங்குங்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். சட்டைக்கு மேல் கட்ட வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. முதல்முறை இரு கைகளிலும் அளந்து, அதிகமாகக் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 15-ஐத் தாண்டி, மறுமுறையும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை அளந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்பும், மாலையில் ஒரே நேரத்திலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு முறை, ஏழு நாள் அளந்து குறித்துக்கொண்டு, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளந்த சராசரி 135/85 (மேல் எண் இதயம் சுருங்கும்போதும், கீழ் எண் அது தளரும்போதும் உள்ள அழுத்தம்) அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் ரத்த அழுத்தமாகக் கருதப்படும். மருத்துவமனையில் அளக்கும்போது அந்த எல்லை 140/90. குலசேகரம், திருவட்டார் பக்கத்தில் தலைவிளக்கோடு விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுக் குளச்சலிலோ முட்டத்திலோ கரை சேர்கிறவர்களும், தூங்கி எழுந்த நேரத்தையே தங்கள் காலையாகக் கொள்ள வேண்டும், ஏனென்றால் தூக்கத்தில் இறங்கும் அழுத்தம் விழிக்கும்போதுதான் ஏறத் தொடங்குகிறது. வேலை முடித்து வந்த உடனே அளப்பதில் பயனில்லை.

அறுபதைத் தாண்டியவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும், மாத்திரை புதிதாகத் தொடங்கியவர்களும் இன்னொன்றும் செய்ய வேண்டும். உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நின்று, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்து பார்க்கவும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், முன்னே சொன்ன நரம்பு ஏற்பாடு மந்தமாகிவிட்டது என்றோ உடலில் நீர் குறைந்திருக்கிறது என்றோ மருந்து மிகுந்துவிட்டது என்றோ பொருள். இரவில் கழிவறைக்குப் போகும்போது தலைசுற்றி விழுபவர்கள் பலரிடம் காணப்படுவது இந்த இறக்கம்தான். கட்டிலின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கெண்டைக்கால் தசைகளை இறுக்கித் தளர்த்திவிட்டு எழுந்தால், அத்தசைகள் சிரைகளில் உள்ள ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளிக் கொடுக்கும்.

நரம்புகள் நொடிகளைக் கவனித்துக்கொள்ள, நாள்களையும் வாரங்களையும் கவனிப்பவை சிறுநீரகங்கள். அழுத்தம் இறங்கினால் அவை ரெனின் என்ற நொதியைச் சுரக்கின்றன. அதன் தொடர்ச்சியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் நாளங்களைச் சுருக்குகிறது, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் உப்பையும் அதோடு நீரையும் உடலில் தக்கவைக்கிறது. பலர் போடும் எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரைகள் இந்தச் சங்கிலியை வெவ்வேறு கண்ணிகளில் தடுப்பவையே. இப்படி மருந்து ஒருபுறம் தடுக்க, நாம் மறுபுறம் உப்பைக் கொட்டினால் பயன் குறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. மரச்சீனிக் கிழங்கை உப்பிட்டு அவித்து, அதற்குக் கருவாடும் ஊறுகாயும் வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு ஒரு வேளையிலேயே முடிந்துபோகும். பச்சை மீன் குழம்பில் இந்தப் பிரச்சினை அவ்வளவு இல்லை. கருவாட்டை விட முடியாதவர்கள் நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை நீரை மாற்றிக் கழுவலாம், உப்பு ஓரளவு இறங்கும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் நாமாகவே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்து அழுத்தத்தை ஏற்றும். குறிப்பேட்டில் அவற்றையும் எழுதுங்கள்.

அந்தக் குறிப்பேட்டை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் காட்டலாம். எண் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள். அந்த எண்ணைச் சரியாக வைத்திருப்பதே அந்த மாத்திரையாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கும் நாளில் மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போகும் பழக்கமும் அவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். அளவு 180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்து வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பார்வை மங்குதல் இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழைத்து, நோயாளி கடைசியாக எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதையும் வண்டியில் வருபவரிடம் சொல்ல வேண்டும்.